வீட்டில் திருகிக் கெட்ட கார்புரேட்டரைச் சீர்செய்த மதுரைப் பட்டறை: ஒரு மதிப்புரை

மதுரை பைபாஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டும் எடுத்து வேலை பார்க்கும் சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை வீட்டில் கழற்றி மாட்டியபின் ஒழுங்காக ஓடாமற்போன எங்கள் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை அங்கே கொடுத்துச் சரிசெய்துகொண்டோம். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இருக்கும் வேலைக்கே கை போதவில்லை என்பதால் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று அதை நடத்துபவர் கேட்டுக்கொண்டார். அதனால் முகவரியைக் காட்டிலும் அவர் வேலை பார்த்த முறையைத்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன். எந்த ஊரில், எந்தப் பட்டறையில் வண்டியை விட்டாலும், அங்கே நடப்பது சரியான வேலைதானா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள இது உதவும் என்று நம்புகிறேன்.

ஆர்எக்ஸ் 100 பற்றி அறியாதவர்கள் குறைவு. 1985-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டுடன் இந்தியாவில் வெளிவந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோன 98 சிசி வண்டி அது. எங்களுடையது அப்பா வாங்கியது. இப்போது தம்பி ஓட்டுகிறான். பெட்ரோல் விலையைப் பார்த்து, எப்படியாவது மைலேஜைக் கொஞ்சம் கூட்டலாம் என்று எண்ணி, ஒரு விடுமுறை நாளில் இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்து, அவனே கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருகி, ஜெட்டுக்குள் இறங்கி நிற்கும் ஊசியான நீடிலின் உயரத்தைத் தீர்மானிக்கும் கிளிப்பை இடம் மாற்றி, ஆக்ஸிலேட்டர் கேபிளையும் இறுக்கிவிட்டான். இவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண வேலைதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ததால், எது எதைக் கெடுத்தது என்று பிரித்தறிய முடியாத நிலை வந்துவிட்டது.

வண்டி காட்டிய குறிகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. சிக்னலில் நின்றால் சில நேரம் ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது என்ஜின் ஓடும் வேகம், இறங்கி வண்டி ஆஃப் ஆகும். சில நேரம் ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) இறங்காமல் ரேஸ் ஆகிக்கொண்டே நிற்கும். நின்றபடி ஓடும்போது சைலன்சரில் பெட்ரோல் நெடி அடித்தது. ஊருக்குள் கால்வாசி, அரைவாசி ஆக்ஸிலேட்டரில் போகும்போது பிக்கப் இல்லாமல் வெட்டி வெட்டி ஓடியது. ஆனால் முழுதாகத் திறந்துவிட்டால் பழைய ஆர்எக்ஸ் போலவே பறந்தது. நெடுஞ்சாலையில் போய்வந்த பிறகு என்ஜின் வழக்கத்தைவிட அதிகமாகக் கொதித்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வீட்டு வாசலில் ஓடவிட்ட பின் கருத்து ஈரமாகவும், சாலையில் ஓட்டிய பின் வெளுத்தும் இருந்தது.

இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன் வேறொரு கடையில் காட்டினோம். அங்கே பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கருப்பாக இருப்பதைக் கண்டதும், கார்புரேட்டர் போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டதும் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்த வண்டிக்கு என்று சந்தையில் விற்கும் கார்புரேட்டர்களில் போலிகள் ஏராளம். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை, நீடிலின் சரிவு, ஆக்ஸிலேட்டருக்கு ஏற்ப உயர்ந்து காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடின் வெட்டு ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறினாலும் வண்டி எந்தக் காலத்திலும் டியூனிங்கில் நிற்காது. உடல் தேயாத அசல் மிக்குனி கார்புரேட்டரை எடைக்குப் போட்டுவிட்டுப் போலியை மாட்டிக்கொண்டு, பிறகு அசலைத் தேடி அலைபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் திருகிக் கெட்ட கார்புரேட்டர் பெரும்பாலும் பழுதானது அல்ல, இடம் மாறியதுதான். பழைய இடத்துக்குக் கொண்டுபோனால் அது பழையபடி வேலை செய்யும்.

மதுரைப் பட்டறையில் எனக்கு முதலில் பிடித்தது, மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காததுதான். வண்டியைக் கிக்கரை உதைத்து எழுப்பி, ஓட்டம் எப்படி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டார். பின்னர் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னென்னத்தைத் தொட்டீங்க தம்பி? மறைக்காம சொல்லுங்க. எந்தப் பக்கமா, எத்தனை சுத்து?" என்று கேட்டார். தம்பி சொன்னதை எல்லாம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார். பெரும்பாலான பட்டறைகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. வண்டியைக் கொண்டுவந்தவரும் திட்டு வாங்க நேரும் என்று பயந்து, தான் கைவைத்ததைச் சொல்வதில்லை. அதனாலேயே பாதி நேரம் வீணாகிறது. இங்கே திட்டும் இல்லை, ஏளனமும் இல்லை. கேட்பது நோயைக் கண்டுபிடிக்கத்தான் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

கேட்டு முடித்ததும் கார்புரேட்டருக்கு வெளியே இருப்பவற்றைப் பார்த்தார். டாங்கிலிருந்து பெட்ரோல் தடையின்றி வருகிறதா என்று குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அடியில் தண்ணீரோ துருவோ தங்குகிறதா என்று கவனித்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். பிளக்கைத் துடைத்து, இடைவெளியை அளந்து, பிளக் கேப்பின் பிடிப்பைச் சோதித்தார். இவை சாதாரணச் சோதனைகள்தாம். ஆனாலும் இவற்றை முடிக்காமல் ஏர் ஸ்க்ரூவைத் தொட்டால், ஃபில்டரில் உள்ள அடைப்புக்கு ஈடாகக் கலவையை மாற்றிவிட்டு, ஃபில்டரைச் சுத்தம் செய்த மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அதன்பிறகு ஏர் லீக். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இணைப்பைத்தான் அவர் மிகவும் சந்தேகப்பட்டார். ஐடிலில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, கார்புரேட்டர் உடலைக் கட்டைவிரலால் மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். ஒவ்வொரு அசைவுக்கும் ஓட்டத்தின் சத்தம் ஏறி இறங்கியது. மீண்டும் மாட்டும்போது கார்புரேட்டரின் வாய் ரப்பருக்குள் முழுதாக உட்காராமல் கிளாம்ப் கோணலாக இறுகியிருந்தது. போதாததற்கு, ரப்பரின் அடிப்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மெல்லிய வெடிப்பும் ஓடியிருந்தது. அதன் வழியே என்ஜின் தனியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் ஆர்பிஎம் இறங்காமல் நின்றதற்கு இதுதான் காரணம்.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். வெடிப்பு எங்கே என்று உறுதிசெய்துகொள்ள, ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் ரப்பர் மீது அவர் சிரிஞ்சால் பெட்ரோலைச் சொட்டவிட்டார். சொட்டு விழுந்ததும் ஓட்டம் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது என்று பொருள். பல மெக்கானிக்குகள் செய்வதுதான் என்றாலும், சூடான சிலிண்டருக்கும் பிளக் ஒயருக்கும் பக்கத்தில் இது தீ விபத்தை வரவழைக்கும் செயல். தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்தாலே கசிவு கணநேரம் அடைபட்டு ஓட்டம் மாறுவது தெரிந்துவிடும். வீட்டில் சோதிப்பவர்கள் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். இதை அவரிடமும் சொன்னேன், மறுக்காமல் கேட்டுக்கொண்டார். பட்டறையில் தீயணைப்பான் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இவ்வளவு கவனமாக வேலை பார்க்கும் இடத்தில் அது இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

புதிய ரப்பரை மாட்டிக் கிளாம்பைச் சீராக இறுக்கி, மறுபடி வண்டியை எழுப்பினார். ஓட்டம் நன்றாகும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், முன்பைவிட மோசமாயிற்று. புகை அதிகமாகி, ஐடில் தள்ளாடி, சிறிது நேரத்தில் வண்டி நின்றேபோனது. அவருக்கு அதில் வியப்பில்லை. "இப்பத்தான் உண்மை வெளிய வருது" என்று மட்டும் சொன்னார். தம்பி ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகியிருந்ததால் கலவையில் பெட்ரோல் மிகுந்திருந்தது. ரப்பர் வெடிப்பின் வழியே திருட்டுத்தனமாக நுழைந்த காற்று அந்த மிகுதியை ஓரளவு சரிக்கட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோளாறு இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்ததால்தான், ஐடில் ஒரு நேரம் இறங்கியும் ஒரு நேரம் ஏறியும் குழப்பியது. கசிவை அடைக்காமல் ஸ்க்ரூவை மட்டும் திருகித் திருகி ஐடிலை நிறுத்தியிருந்தால், வெடிப்பு சற்றுப் பெரிதாகும் ஒவ்வொரு முறையும் வண்டி பட்டறைக்கு வந்துகொண்டே இருந்திருக்கும்.

ஏர் ஸ்க்ரூவின் திசை பற்றி அவர் தம்பிக்கு விளக்கியது, இந்த வருகையில் எங்களுக்குக் கிடைத்தவற்றில் எல்லாம் மதிப்பு மிகுந்தது. கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ எல்லாக் கார்புரேட்டரிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆர்எக்ஸ் 100-இல் இருக்கும் மிக்குனி வி.எம். போன்ற ஸ்லைடு வகையில், இந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கமாக அமைந்து, ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. அதை உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிகும். வெளியே திருகினால் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறையும். யமஹா எஃப்இசட் 16 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் வந்த, வெற்றிடத்தால் ஸ்லைடு உயரும் சி.வி. வகைக் கார்புரேட்டரில், ஸ்க்ரூ பெரும்பாலும் என்ஜின் பக்கமாக இருக்கும். அது ஏற்கெனவே கலந்த பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் அளவைக் கட்டுப்படுத்துவதால், உள்ளே திருகினால் லீன், வெளியே திருகினால் ரிச். ஒன்றுக்குச் சொன்ன வழியை மற்றொன்றில் செய்தால் விளைவு தலைகீழாகும். தம்பி பார்த்த காணொளி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கானது. பேசியவர் சொன்னதில் தவறில்லை. அது எந்த வகைக்கு என்று அவர் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

ஸ்க்ரூவை உள்ளே திருகியதும் பிளக் கருத்ததைப் பார்த்த தம்பி, நீடில்தான் பெட்ரோலை அதிகமாக விடுகிறது என்று எண்ணி, கிளிப்பை நீடிலின் மேல் காடிக்கு (பள்ளத்துக்கு) மாற்றியிருந்தான். கிளிப் மேலே ஏறினால் நீடில் கீழே இறங்கி ஜெட்டை அதிகமாக அடைக்கும். நீடிலின் ஆட்சி ஏறத்தாழ கால்வாசியிலிருந்து முக்கால்வாசி ஆக்ஸிலேட்டர் வரைதான். ஐடிலுக்கும் ஆரம்பத் திறப்புக்கும் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதற்கு அடுத்து ஸ்லைடின் அடியில் உள்ள சரிவெட்டு. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்தத் திறப்பில் கோளாறு வருகிறது என்று கவனித்துச் சொன்னாலே, கார்புரேட்டரைத் திறக்காமல் குற்றவாளியைப் பாதி அடையாளம் கண்டுவிடலாம். எங்கள் வண்டி ஐடிலில் ரிச்சாகவும், நடுவில் லீனாகவும், முழுத் திறப்பில் சரியாகவும் இருந்தது. பிளக் கருத்தால் கலவை ரிச், வெளுத்தால் லீன்; அது இரண்டு நிறம் காட்டியதன் பொருளும் அதுவே. முந்தைய கடையில் ஐடிலில் ஓடிய பிளக்கை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்ததால் பாதி உண்மைதான் அவர்களுக்குத் தெரிந்தது.

கார்புரேட்டரைப் பிரித்த விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்த்தேன். முதலில் வெளியுடல் முழுவதையும் துலக்கினார். அழுக்கோடு திறந்தால் அந்த அழுக்கே உள்ளே விழும் என்றார். வெள்ளைத் துணி விரித்த தட்டில் ஒவ்வொரு பாகமாக வைத்தார். ஏர் ஸ்க்ரூவை எடுப்பதற்கு முன், அது மூடும் வரை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் குறித்தார். மூடிய இடத்தில் அழுத்தம் கொடுக்கவே இல்லை, ஏனென்றால் கூர்நுனி கார்புரேட்டர் உடலில் பதிந்தால் துளையின் வாயே விரிந்துவிடும். ஸ்லோ ஜெட்டை விளக்குக்கு எதிரே உயர்த்தி, என் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, துளையைப் பார்க்கச் சொன்னார். மறுபக்கம் வட்டமான வெளிச்சப்புள்ளி தெரிந்தது. ஓரத்தில் கீறல் இல்லை. தம்பி சுத்தம் செய்தபோது கம்பியோ ஊசியோ விடாமல், ஸ்பிரேயும் காற்றும் மட்டும் பயன்படுத்தியிருந்ததால் ஜெட் தப்பித்தது. பித்தளை மென்மையானது, இரும்புக் கம்பியை ஒருமுறை விட்டு ஆட்டினாலும் துளையின் அளவு மாறிவிடும், பிறகு ஜெட்டின் மேல் பொறித்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டி, உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று கேட்டார். மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசி வால்வின் நுனியில் வளையமாகத் தேய்மானக் கோடு விழுந்திருந்ததால் அதை மாற்றினார். ஃப்ளோட்டின் உயரத்தைக் காலிப்பரால் அளந்து, உலோக நாக்கை மயிரிழை அளவு வளைத்தார். சோக் பற்றியும் ஒரு சொல் சொன்னார்: இந்த வகைக் கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல, பெட்ரோலைக் கூடுதலாக விடும் தனி வழி; அதன் உருளையின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால், சோக்கை மூடியபிறகும் பெட்ரோல் கசிந்து, என்ன திருகினாலும் ஐடில் ரிச்சாகவே இருக்கும். எங்கள் வண்டியில் அது இன்னும் தாங்கும் நிலையில் இருந்ததால் மாற்றவில்லை. தேவையில்லாததை மாற்றாமல் விட்டது எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டியது.

நீடில் கிளிப்பைச் சர்வீஸ் கையேட்டில் சொன்ன காடிக்குக் கொண்டுவந்து, ஸ்லைடைச் சரிவெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்கும்படி இறக்கினார். இதைத் திருப்பிப் போட்டுவிட்டு, கிக்கர் அடித்ததும் என்ஜின் அலறுவதைக் கண்டு பதறிய கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஏர் ஸ்க்ரூவை மூடியபின் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். இந்த வகைக்கு அது பொதுவான தொடக்க இடம். முடிவான இடத்தை வண்டியே சொல்ல வேண்டும்.

கேபிள் விஷயத்தில் அவர் காட்டிய அக்கறைதான் எங்கள் என்ஜினைக் காப்பாற்றியது என்று சொல்வேன். ஆர்எக்ஸ் 100-இல் ஆயிலைப் பெட்ரோலில் கலப்பதில்லை. தனி டாங்கிலிருந்து ஆட்டோலூப் பம்ப் அனுப்புகிறது. கைப்பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று ஆயில் பம்ப்புக்கும் போகும். பிக்கப்புக்காகத் தம்பி கார்புரேட்டர் முனையில் மட்டும் கேபிளின் தளர்வை எடுத்துவிட்டதால், ஸ்லைடு முந்தித் திறக்க, பம்ப் பின்தங்கியது. அதாவது நடுத்திறப்பில் கலவையும் லீன், ஆயிலும் குறைவு. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கலவையோடு சேர்ந்து உள்ளே போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கு உயவு என்பதால், இவை இரண்டும் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு நாள் பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சூட்டில் சிலிண்டரோடு இறுகி நின்று, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் க்ளட்சைப் பிடிப்பதற்குள் கீழே விழுந்துவிடலாம். மைலேஜுக்காகக் கலவையை லீன் ஆக்குவது ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் சூட்டோடும் பிக்கப் குறைவோடும் நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் அது உயிருக்கே ஆபத்து. பம்ப்பின் மூடியைத் திறந்து, அதன் உருளையில் உள்ள குறியும் ஊசியும் நேர்ப்படும் வரை கேபிளைச் சரிசெய்து, பிறகு ஐடிலில் கைப்பிடியை இடவலமாக முழுதும் திருப்பிக் காட்டினார். ஆர்பிஎம் ஏறவில்லை. ஏறியிருந்தால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள்.

பெட்ரோலைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார்; பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைக் கேட்க வேண்டும். 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்ட இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 பங்கே போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்சார் இதைக் கண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட் துளைக்கு அந்த அறிவு கிடையாது. பழைய துளையில் புதிய பெட்ரோல் ஓடும்போது கலவை தானாகவே சற்று லீன் ஆகிவிடுகிறது. போதாததற்கு எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து வெடிக்கவைக்கும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். எங்கள் இணைப்பு ரப்பர் வயதால் வெடித்ததா, எத்தனாலால் வெடித்ததா என்று அவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த கலவையை இன்றைக்கு இன்னும் லீன் ஆக்குவது தவறு என்பதில் அவருக்கு ஐயமில்லை, எனக்கும் இல்லை.

இறுதியான டியூனிங்கை என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே செய்தார். ஐடில் ஸ்க்ரூவால் ஓட்டத்தைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் சற்றுக் காத்திருந்து, ஆர்பிஎம் உச்சமாகவும் சீராகவும் நின்ற இடத்தில் நிறுத்தினார். பின் ஐடிலை இறக்கினார். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூவைத்தான் தொட்டார். பிறகு தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சாலைக்குப் போய், அரைவாசி ஆக்ஸிலேட்டரில் சீராக ஓட்டி, அந்தத் திறப்பிலேயே க்ளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றிக் காட்டினாராம். திரும்பி வந்தபோது அதை நானும் பார்த்தேன்: நடுவிலுள்ள பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தது, அதாவது கலவை சரியாக இருந்தது. ஐடிலில் ஓடவிட்டு நிறுத்திப் பார்க்கும் பிளக் சாலை ஓட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை மறந்துவிடக் கூடாது.

கூலியாக 700 ரூபாய் வாங்கினார்; ரப்பர், ஊசி வால்வு, கேஸ்கெட் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் கொடுத்தோம். புதுக் கார்புரேட்டருக்கு முந்தைய கடையில் சொன்ன தொகையோடு பார்த்தால் இது மிகவும் குறைவு. வண்டி இப்போது காலையில் சோக் போட்டு எளிதாக எழுகிறது, சிறிது நேரத்தில் சோக்கை எடுத்துவிடலாம். நடுத்திறப்பில் வெட்டல் அறவே இல்லை. மைலேஜ் தம்பி ஆசைப்பட்ட அளவுக்குக் கூடவில்லை. அவன் கைவைப்பதற்கு முன் இருந்த அளவுக்கே திரும்பியிருக்கிறது. ஆர்எக்ஸ் 100-இடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

குறைகளையும் எழுத வேண்டும். சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதும் அரிது. கைப்பட எழுதிய துண்டுச்சீட்டுதான் பில், அதில் பாகங்களின் பெயர்கூட முழுமையாக இல்லை. பாகங்களைக் கழுவிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றினார்கள். அங்கே வேலை பழகும் இளைஞர் கையுறை இல்லாமல் அதே பெட்ரோலில் கை நனைத்துக்கொண்டிருந்தார். இவை சின்னக் குறைகள் அல்ல. புகையை அளக்கும் கருவி இல்லாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். டியூனிங் முடிந்ததும் மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனை மையத்துக்குப் போகும்படி அவரே சொன்னார். அங்கே ஐடிலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுவதால், ஏர் ஸ்க்ரூ சரியான இடத்தில் நிற்கிறதா என்பதற்கு அது நல்லதொரு சாட்சி. எங்கள் வண்டிக்குச் சான்றிதழ் தடையின்றிக் கிடைத்தது.

அவசரமாக வண்டி வேண்டும் என்பவர்களுக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பட்டறை பொருந்தாது. டூ ஸ்ட்ரோக் வண்டியை வீட்டில் திருகிப் பார்த்துவிட்டு, எங்கே தொடங்கினோம் என்று தெரியாமல் நிற்பவர்கள் தயங்காமல் தேடிப் போகலாம். பைபாஸ் சாலையில் ஆர்எக்ஸ் ஓட்டுபவர் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். காலையிலேயே போவது நல்லது, ஏனென்றால் சாலைச் சோதனையை வெளிச்சத்தில்தான் செய்கிறார். வண்டியில் கைவைத்தவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் ஏதேனும் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நிற்கிறது, நீடில் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று அவர் நோட்டில் குறித்துவைத்திருப்பார். சாவியை வாங்கும்போது அதை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும், அவராகத் தருவதில்லை.